இரண்டாவது கையெழுத்து இல்லாத படம்

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். "கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் சார்" என்றும் சொன்னார்கள். உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் இதைப் படித்து முடித்ததும், 'இந்த ஆளே முப்பது வருஷம் இங்கே குப்பை கொட்டியிருக்கிறான், நமக்கென்ன பயம்' என்ற தைரியம் உங்களுக்கு வரும். அதற்கு நான் பொறுப்பு.

முதலில் என் தகுதிகள். கடலில் எண்ணெய் கொட்டினால் அது எங்கே கிடக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. நான் பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூர் தொம்மலூரில். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வருவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். நீச்சல் தெரியாது. ஒருமுறை அல்சூர் ஏரியில் படகில் ஏறினேன். கரையை விட்டுப் பத்தடி போவதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டியதைப் பார்த்த படகுக்காரர், "சார், உங்களுக்கு நெலந்தான் செட்டாவும்" என்று திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அப்படிப்பட்டவன் சொல்லைக் கேட்டுக் கடலில் ஆட்கள் படகை ஓட்டினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அல்சூர் ஏரிதான் ஞாபகம் வரும்.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு ஆயுத பூஜை நாள். அன்றைக்கு வேலைக்கு வந்தது நான் ஒருவன்தான்.

பண்டிகை நாளில் ஆள் வேண்டுமென்றால் அலுவலகத்தில் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். "அவருக்கென்ன, பெண்டாட்டியா பிள்ளையா" என்று என் பெயரை எழுதிவிடுவார்கள். நானும், "ஆமா சார், என்னைத் தேட போலீஸ்தான் வரணும்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நகைச்சுவையை வைத்தே பதினொரு பொங்கலையும் பதினொரு தீபாவளியையும் அந்த அறையில் கழித்திருக்கிறேன். ஜோக் அடிப்பவனிடம் யாரும் 'நல்லா இருக்கியா' என்று கேட்பதில்லை என்பது அந்தத் தொழிலில் உள்ள வசதி.

அந்த நாட்களில் படம் இப்போதுபோல் கணினித் திரையில் வராது. பெரிய பிலிமாக வரும். கண்ணாடிப் பலகை போட்ட மேசை ஒன்று இருக்கும். கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட். அதற்கு ஒளிமேசை என்று பெயர். பிலிமை அதன் மேல் விரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் டேப்பை உரித்து, பிலிமை இன்னொரு மேசைக்கு எடுத்துப்போய், இன்னொருவர் புதிதாகப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். அது எழுதப்பட்ட விதி.

எனக்கு இரண்டாவது கையெழுத்துப் போடுபவர் மல்லேஸ்வரத்திலிருந்து வரும் ஒரு மேடம். நான் எதைக் காட்டினாலும் முதலில் நம்பமாட்டார். "உங்க எண்ணெய் எனக்குத் தெரியலையே" என்பார். "மேடம், நல்ல மனசோட பாத்தா தெரியும்" என்பேன். "நல்ல மனசு வீட்ல இருக்கு, இங்க கண்ணு மட்டும்தான் கொண்டாந்திருக்கேன்" என்பார். பிலிமைத் தன் மேசைக்கு எடுத்துப்போய்த் தலைகீழாக வைத்துக்கூடப் பார்ப்பார். அப்போதெல்லாம் அது எனக்குக் கிண்டலாகப் பட்டது.

அந்த வாரம் தெற்கே ஒரு கடலில் கப்பல் ஒன்று மணல்திட்டில் ஏறி, அடிப்பக்கம் கிழிந்து, கறுப்பு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. எந்தக் கடல் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அங்கிருந்த ரேஞ்சரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். மனிதர்கள் தொல்லை வேண்டாம் என்றுதான் அவர் தீவுகளைக் காவல் காக்கும் வேலைக்கே போனார். வலை வீசவும் சங்கு எடுக்கவும் தடையுள்ள, பாதுகாக்கப்பட்ட கடல் அது. அதில் இரண்டு தீவுகள் இந்தக் கதைக்கு வேண்டும். வடக்குத் தீவைச் சுற்றிப் பவளப்பாறை. தெற்குத் தீவுக்கு ஒரு குடா. குடா முழுக்கக் கடல்புல். அந்தப் புல்லை மேய ஒரு கடற்பசு, கன்றோடு வந்துகொண்டிருந்தது. கடற்பசு என்பது பெயருக்கேற்ற சாது. மூச்சுவிட மேலே வரும், மறுபடி கீழே போய் மேயும். நம் ஊரில் பல அதிகாரிகள் அப்படித்தான், ஆனால் அவர்களைப் பாதுகாக்கத் தேவையில்லை.

ரேஞ்சரை எனக்குக் குரலாக மட்டும்தான் தெரியும். கப்பல் திட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று நாளாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம்.

"சார், எங்கிட்ட இருக்கது ஒரே ஒரு ரப்பர் வேலி" என்றார் முதல் நாளே. எண்ணெய் உள்ளே வராமல் தண்ணீர் மேல் மிதக்கவிடும் நீளமான ஆரஞ்சு நிற வேலியைச் சொன்னார். "ஒரு தீவுக்குத்தான் காணும். இன்னொண்ணு வந்துக்கிட்டிருக்குங்குறாக. எங்க வந்துக்கிட்டிருக்குன்னு கேட்டா, பைல்ல வந்துக்கிட்டிருக்காம்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான் ரேஞ்சர் சார். என் பதவி உயர்வு எட்டு வருஷமா வந்துக்கிட்டிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கும் ரகமில்லை. "எந்தத் தீவுன்னு மட்டும் சொல்லுங்க சார். இங்க ஒரே மூட்டம், தூறல். படகுல போனா அஞ்சாறு படகு நீளத்துக்குமேல தெரிய மாட்டேங்குது. வானத்துலேருந்து பாக்குறவுக நீங்கதான்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வானத்திலிருந்து பார்ப்பவன் ஈஜிபுராவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

ஆயுத பூஜையன்று காலை, முந்தின நாள் கப்பல் இருந்த இடத்தின் மேல் மேகம் விலகிய ஒரு நேரத்தில் எடுத்த படம் பிலிமாக வந்துசேர்ந்தது. நான் ஒன்பது மணிக்கு அலுவலகம் போனேன். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய், வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள். வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். மண்டியாப் பக்கத்துக்காரர். என்னோடு தமிழ் பேசுவார். அவர் தமிழில் பாதி கன்னடம், என் கன்னடத்தில் பாதி தமிழ். நடுவில் எங்காவது சந்தித்துக்கொள்வோம்.

"இன்னிக்கு ஆபீஸ் தெறக்கக் கூடாது சார். நேத்தே பூஜா ஆயித்து. மிசின்கெல்லாம் ரெஸ்ட்."

"மிசின்க்கு ரெஸ்ட், எனக்கு?"

"நீங்க ஆயுதமா சார்?"

கப்பல் விஷயத்தைச் சொன்னதும் திறந்துவிட்டார். உள்ளே எல்லாப் பொருளும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தன. தட்டச்சு இயந்திரம், தொலைபேசி, பேக்ஸ், ஸ்டேப்ளர், காகிதத்தில் துளை போடும் மிசினைக்கூட விடவில்லை. மேடத்தின் ஒளிமேசை மேல் சாமி படம், மாலை, பொரி, கரும்பு, முழுப் பூசணி ஒன்று. என் மேசை காலியாக இருந்தது.

"மேடம் மேசையிலேருந்து இதையெல்லாம் எடுத்துடலாமா?"

"அய்யய்யோ பேடா சார். நாளைக்கு விஜயதசமி ஆகணும். அதுவரைக்கும் சாமி அங்கேதான்."

சரி என்றேன். என் மேசையில் பிலிமை விரித்தேன், நாலு பக்கமும் டேப் ஒட்டினேன், விளக்கைப் போட்டேன்.

கடலில் எண்ணெய்யைப் படத்தில் பார்ப்பது லேசான காரியமில்லை. கறுப்புப் புடவையில் கறுப்பு நூலைத் தேடுவதுபோல. ஒரு மணி நேரம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பத்தரைக்கு ரேஞ்சர் கூப்பிட்டார். "சார், ஏதும் தெரியுதா? படகுல வேலிய ஏத்தி வச்சிட்டு ஆளுக உக்காந்திருக்காக." "இதோ" என்றேன். இந்த 'இதோ' இருக்கிறதே, அது மிக மோசமான சொல். சொன்ன பிறகு கண் எதையாவது கண்டுபிடித்தே தீரும்.

பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தது. வடக்குத் தீவுக்குக் கொஞ்சம் தள்ளி, இறகு வடிவத்தில் ஒரு மங்கல் தீற்றல். ஒரு முனை தடித்து, மறுமுனை பிசிறாய். காற்றடிக்கும்போது எண்ணெய் இழுபடும் அதே வடிவம். பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு அழகான படம் கிடையாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாட்டினியா மவனே" என்று சத்தமாகவே சொன்னேன். அறையில் யாருமில்லை. ஸ்டேப்ளர் மட்டும் பொட்டோடு என்னைப் பார்த்தது.

இனிமேல்தான் இரண்டாவது கையெழுத்து.

மேடம் பண்டிகைக்கு மைசூர் போயிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் வீட்டு எண் சுவரில் ஒட்டிய தாளிலேயே இருந்தது. ரிசீவரைக் கையில் எடுத்தேன். முதல் மூன்று எண்களைச் சுழற்றினேன். அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு உபயோகமான இடம் இதுதான். அங்கே பண்டிகை வீடு. குழந்தைகள் சத்தம், கொலுவுக்கு வந்தவர்கள், குக்கர் விசில். நடுவில் நான் கூப்பிட்டால், "யாரு?" "ஆபீஸ்லேருந்து, அவர் மட்டும் தனியா இருக்காராம்." "அடப் பாவம், சாப்பிட வரச்சொல்லேன்." அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் தவிர்க்கத்தானே இத்தனை வருஷமாக ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறேன். ரிசீவரை வைத்துவிட்டேன்.

படிவத்தில் முதல் கட்டத்தில் நீலப் பேனாவில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது கட்டத்தில் பச்சைப் பேனாவில் நானே போட்டேன். பச்சை மையில் போட்டால் இன்னொரு ஆள் ஆகிவிடுவேன் என்று நினைத்தேனோ என்னவோ. அப்போது அது எனக்கு ஒரு தமாஷாகக்கூட இருந்தது.

பதினொன்றரைக்கு ரேஞ்சரிடம் சொன்னேன்: "வடக்குத் தீவு."

"உறுதியா சார்? தெக்குல தாயும் கன்னும் இருக்கு. அத விட்டுட்டுப் போறதுன்னா மனசு கேக்க மாட்டேங்குது."

"உறுதி. ரெண்டு பேர் பாத்தாச்சு."

ஆமாம், அதையும் சொன்னேன். நீலப் பேனா ஒருவர், பச்சைப் பேனா ஒருவர்.

ஒன்றரை மணிக்கு வாட்ச்மேன் ஒரு தட்டில் பொரியும் கடலையும் வாழைப்பழமும் கொண்டுவந்தார். "பிரசாதா சார். காலையிலேருந்து ஒண்ணும் சாப்ட்டில்ல நீங்க." வைக்க இடமில்லை. சரி, வேலைதான் முடிந்துவிட்டதே என்று டேப்பை உரித்து, பிலிமை ஒரு பக்கமாக நகர்த்தினேன்.

வடக்குத் தீவு நகர்ந்தது. தெற்குத் தீவு நகர்ந்தது. கப்பலும் நகர்ந்தது. எண்ணெய் மட்டும் நகரவில்லை.

அது இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது ஏதோ ஒரு சேற்றுக்கரை மேல் கிடந்தது. பிலிமை மறுபடி நகர்த்தினேன். எண்ணெய் ஒரு ஊரின் தேங்காய்த் தோப்பு மேல் ஏறிக்கொண்டது. நான் பிலிமைத் தூக்கினேன். கண்ணாடி மேல், இறகு வடிவத்தில், செம்மண் நிறத்தில் ஒரு தீற்றல்.

வாட்ச்மேன் எட்டிப்பார்த்தார். "அடடே, அது நான் இட்ட குங்குமா சார். நேத்து எல்லா மிசின்கும் நானே இட்டேன். ஒங்க மேசை கண்ணாடி அல்லவா, சார் பைவாரு, திட்டுவாருன்னு அப்புறம் ஈரத் துணில தொடைச்சேன். போகலயா?"

போகவில்லை. தண்ணீரும் குங்குமமும் குழைந்து துணி போன வழியில் காய்ந்திருந்தது. அவர் கை இடமிருந்து வலமாகத் துடைத்திருக்கிறது. அதைத்தான் நான் காற்றின் திசை என்று படித்திருந்தேன்.

"ஏனாயித்து சார்? தப்பா?"

"உங்க தப்பு இல்ல."

கண்ணாடியைச் சட்டையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். குங்குமம் இல்லாத இடத்தில் வெறும் கடல். தெற்கே, முன்பு நான் இரண்டு முறை தாண்டிப்போன இடத்தில், நூல்போல ஒரு சாம்பல் கோடு. அது தெற்குத் தீவின் குடாவைப் பார்த்து வளைந்திருந்தது. படம் எடுத்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டால், மாலைக்குள் அது குடா வாசலில் நிற்கும். ரேஞ்சரின் ஒரே வேலி அந்நேரம் வடக்குத் தீவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. ரிசீவரை எடுத்து ஒரு வாக்கியம். நான் என்ன செய்தேன் என்றால், உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். நாற்பது நிமிடம் எழுதினேன். அடித்து அடித்து எழுதினேன். 'காற்றின் போக்கில் ஏற்பட்டுள்ள மாற்றத்தைக் கருத்தில் கொண்டு, தெற்குத் தீவையும் கவனத்தில் கொள்வது உசிதம்.' காற்று மாறவில்லை. ஆனால் காற்றின் மேல் பழி போட்டால் அது வந்து மறுக்காது. அதைப் பேக்ஸில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு பொரியைத் தின்றேன். ருசியாக இருந்தது என்பதுதான் கொடுமை.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"சார், தெக்குத் தீவையும் கவனிக்கணும்னா என்ன அர்த்தம்?"

"இல்ல, ஒரு முன்னெச்சரிக்கையா..."

"வேலி ஒண்ணுதான் சார் இருக்கு. 'தீவையும்'னு சொல்ற அளவுக்கு வேலி இல்ல." பின்னால் வயர்லெஸ் கரகரத்தது, படகில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். "வடக்குல பாதி கட்டியாச்சு. கழட்டச் சொன்னா இப்பக் கழட்டணும். சாயந்திரம் நீர் ஏறிரும், ஏறிட்டா குடா வாசல்ல கட்ட முடியாது. ஒரே வார்த்தை சொல்லுங்க. வடக்குல எண்ணெ இருக்கா இல்லையா?"

நான் வாட்ச்மேனைப் பார்த்தேன். அவர் வாழைப்பழத்தை உரித்து என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல. வடக்குல எண்ணெய்யே இல்ல. தெற்குலதான் இருக்கு."

"அப்ப காலையில பாத்தது?"

"குங்குமம்."

"என்னது?"

"மேசையில பூஜைக்கு வச்ச குங்குமம். அதைத்தான் எண்ணெய்ன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேர் பாத்தாங்கன்னதும் பொய். நான் மட்டும்தான்."

என் வாழ்நாளில் நான் சொன்னதைக் கேட்டு எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த ஒரு தடவை, எதிர்முனையில் ஒரு சிரிப்பு வராதா என்று ஏங்கினேன். சிரித்திருந்தால், திட்டியிருந்தால்கூட, தாங்கியிருப்பேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு சார்?"

"ஒன்றரை மணிக்கு."

"இப்ப ரெண்டே கால்" என்றார். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என்னிடமிருந்து யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ ஆட்டோவுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். வாட்ச்மேன் உள்ளே வந்து, மேடத்தின் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தீவு தெரியாது, கடற்பசு தெரியாது. தொலைபேசியைப் பார்த்தபடி நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஆறு மணிக்கு அடித்தது.

"வேலி தெக்க போய்ச் சேந்திருச்சு சார். ஆனா நீர் ஏற ஆரம்பிச்ச பெறகுதான் போச்சு. வாசல்ல பாதிதான் கட்ட முடிஞ்சுச்சு. பாதி புல்லு தப்பிச்சிருச்சு. மத்த பாதில எண்ணெ ஏறிருச்சு."

"தாயும் கன்னும்?"

"தெரியல."

மூன்றாம் நாள் தாயைப் பார்த்தார்கள். தப்பித்த பாதியில் மேய்ந்துகொண்டிருந்தது. கன்றை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. எண்ணெயால்தான் என்று யாரும் சொல்லவில்லை. சுறா இழுத்திருக்கலாம், வழிதவறி இருக்கலாம், வளர்ந்து தன் வழியே போயிருக்கலாம். நான் இதையெல்லாம் பலமுறை எனக்கே சொல்லிப்பார்த்துவிட்டேன். நாற்பது நிமிடம் முன்னால் வேலி கிளம்பியிருந்தால் வாசல் முழுவதும் கட்டியிருப்பார்கள் என்பதை மட்டும் எப்படிச் சொல்லிப்பார்த்தாலும் மாற்ற முடியவில்லை. குங்குமத்தை எண்ணெய் என்றது கண் செய்த தவறு. அதை யாரும் செய்யலாம். அந்த நாற்பது நிமிடம் அப்படியல்ல.

விடுமுறை முடிந்து மேடம் வந்தார். நடந்ததைச் சொன்னேன், கேட்டார். அவர் எனக்கு உபதேசம் செய்யவில்லை.

"நான் வீட்லதானே இருந்தேன்."

"மைசூர்..."

"மைசூரா? யார் சொன்னது? வீட்டுக்காரரும் பையனும் வெளியூர் போயிட்டாங்க, கொலுவுக்கும் யாரும் வரலை, நான் ஒருத்தியா சுண்டலைத் தின்னுட்டு உக்காந்திருந்தேன். ஒரு போன் பண்ணியிருந்தா ஆட்டோ பிடிச்சு அரை மணியில வந்திருப்பேனே."



அறிக்கையை நானே எழுதினேன். குங்குமம், துணி, பச்சைப் பேனா, நாற்பது நிமிடம், எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் மேலதிகாரி படித்துவிட்டு, குங்குமம் வந்த பத்தியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். "இதை எழுதினா டிபார்ட்மென்ட்டையே பார்த்துச் சிரிப்பாங்கய்யா." 'மறு ஆய்வில் கணிப்பு திருத்தப்பட்டது' என்று ஒரு வரி போட்டார். பச்சையில் இருந்த என் இரண்டாவது கையெழுத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. எனக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. பதவி உயர்வுகூட அடுத்த வருடம் வந்துவிட்டது. ஆகவே அலுவலகப் பதிவேட்டில் நீங்கள் தேடினால் இந்தக் குங்குமம் கிடைக்காது. எழுத்தில் வருவது இதுதான் முதல் தடவை.

அதற்குப் பின் தனியாக ஒரு படமும் நான் பார்த்ததில்லை. மேடம் இல்லாத நாட்களில் வாட்ச்மேனைக் கூப்பிடுவேன். "இது என்னாங்க?" "கொத்தில்லா சார், தெரியாது." "நல்லாப் பாருங்க, பிலிமைத் தூக்கிப் பாருங்க." அவர் தூக்கி, கண்ணாடியை விரலால் தேய்த்து, விரலை மோந்து பார்த்து, "கிளீன் சார்" என்பார். விதிப்படி அது செல்லாது. ஆனால் அவர் பார்க்க ஆரம்பித்த பிறகு என் மேசையில் ஒரு தவறும் நடக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜையும் என் தலையில்தான். இந்த முறை கப்பல் எதுவும் திட்டில் ஏறவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

"சார், மேசையத் தொடச்சாச்சா?"

ஒரு வருடமாகக் கேட்காத ரேஞ்சரின் குரல். கோபமா, கிண்டலா என்று பிடிபடவில்லை.

"தொடச்சாச்சு."

"ரெண்டாவது கையெழுத்து?"

"ஆள் இருக்காங்க." மேடம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அன்று காலை நான்தான் போன் போட்டுக் கூப்பிட்டிருந்தேன், சுண்டலோடு வந்திருந்தார்.

"சரி" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். மறுவருடமும் அதே நாள், அதே நேரம், அதே இரண்டு கேள்வி. மூன்றாவது வருடம் நானே பத்து நிமிடம் முன்னாலிருந்து தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வருடத்தில் நிச்சயமாக வரும் அழைப்பு அது ஒன்றுதான்.

எட்டாவது வருடமோ ஒன்பதாவதோ, இரண்டு கேள்வியும் முடிந்த பிறகு அவர் வைக்கவில்லை.

"சார், நேத்துக் குடாவுக்குப் போயிருந்தேன். புல்லு அந்தப் பக்கமும் வந்திருச்சு. ஒரு பசு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. கூடவே ஒரு கன்னு."

"அதே தாயா?"

"அது எப்படி சார் எனக்குத் தெரியும்? நெத்தியில குங்குமமா வச்சிருக்கு?"

அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். நானும் சிரித்தேன். எதிரில் மேடம், "என்னாச்சு, ஏன் அழறீங்க?" என்றார். மேடத்துக்குக் கண் எப்போதுமே கொஞ்சம் கூர்மை.

இப்போது நான் ஓய்வுபெற்று மறுபடி தொம்மலூருக்கே வந்துவிட்டேன். வாட்ச்மேன் மண்டியாவில் இருக்கிறார். மேடம் அமெரிக்காவில், மகன் வீட்டில். ஒளிமேசை உங்கள் அலுவலகத்தில் எங்காவது மூலையில் கிடக்கும், அதன் மேல் யாராவது டிபன் பாக்ஸ் வைத்திருப்பார்கள். ரேஞ்சரும் ஓய்வுபெற்றுவிட்டார். அவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. வாருங்கள் என்கிறார். படகில் ஏற வேண்டியிருக்குமே என்று தள்ளிப்போடுகிறேன்.

போன ஆயுத பூஜையன்று பதினொன்றரைக்கு என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"சார், மேசையத் தொடச்சாச்சா?"

நான் சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு தம்ளர், பக்கத்து வீட்டார் கொடுத்த பொரி.

"தொடச்சாச்சு."

"ரெண்டாவது கையெழுத்து?"

"அதுக்குத்தான் உங்க போனுக்குக் காத்திருந்தேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. ரேஞ்சர் நிதானமாகச் சொன்னார்:

"போட்டாச்சு சார்."